கழுத்துவரை நிரம்பாத போத்தல்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் தன் உடம்பைப் பற்றி, அதுவும் பெண்களே தங்களுக்குள் குரலைத் தாழ்த்திப் பேசும் விஷயங்களைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் மருத்துவமனை நடையில் ஓர் இளம்பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையால் முகவாயை மறைத்துக்கொண்டே பேசினாள். எதற்காக மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளை இரண்டு இடங்களில் சோதித்தார்களாம். ஓரிடத்தில் அதிகம் என்றார்களாம், இன்னோரிடத்தில் ஒன்றுமில்லை என்றார்களாம். "எது நெஜம்க்கா?" என்று கேட்டாள். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இது தொடங்கியது மலாயா சுதந்திரம் அடைவதற்கு முன்பே. அப்போதும் மலாக்காவில் இதே காஜா பேராங்கில்தான் இருந்தோம். பலகை வீடு, தகரக் கூரை, பின்பக்கம் குளியலறை. எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும். என் வீட்டுக்காரர் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு, தாம் வேலை செய்யும் கடையிலிருந்து பேரீச்சம்பழம் கட்டிக்கொண்டு வருவார். அந்தப் பொட்டலம் தீர்வதற்குள் இரத்தப்போக்கு தொடங்கிவிடும். தொடங்கினால் நிற்காது.

அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. முகவாயில் முடி வந்ததுதான் என்னை ஒடுக்கியது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு வரிசையாக. மஞ்சளைக் கல்லில் உரசித் தேய்த்துப் பார்த்தேன். பிடுங்கினேன். பிடுங்கிய இடம் தடித்துக் கறுத்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போவேன். தீபாராதனைத் தட்டு என் பக்கம் வரும்போது வெளிச்சம் முகத்தில் விழும் என்று, போவதையே நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி குடும்பம். மலாக்காச் செட்டிகள் சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவது மலாய். அந்த வீட்டு அம்மாவுக்கு என் வயதுதான். 'கக்காக்' என்றே கூப்பிடுவேன், மலாயில் அக்கா. அவர்தான் ஒருநாள் வேலி ஓரம் நின்று என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, கோயிலுக்கு ஏன் வருவதில்லை என்று மலாயில் கேட்டார். நான் முந்தானையால் முகவாயை மூடிக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் பெண் டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார், போய்ப் பார் என்றார்.

அந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பான முகம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எவ்வளவு காலமாய் இப்பிடி?"

"ரொம்ப நாளாங்க."

"ரொம்ப நாள் எண்டால்? இந்தத் தீபாவளிக்கு முன்னமோ, போன தீபாவளிக்கு முன்னமோ?"

"அதுக்கும் முன்னாலங்க."

"அப்ப இவ்வளவு காலமும் என்ன செய்தனீங்கள்?"

"மஞ்சள் பூசினேங்க."

அவர் சிரிக்கவில்லை. என் முகவாயைத் தொட்டுப் பார்த்தார். அவ்வளவு நாளும் யாரும் தொடாத இடம் அது. பிறகு வயிற்றைச் சோதித்தார். சூலகம் (கருமுட்டை உண்டாகும் உறுப்பு, அடிவயிற்றில் பக்கத்துக்கு ஒன்று) இரண்டும் தடித்திருப்பதாகச் சந்தேகப்பட்டார். சில பெண்களுக்குச் சூலகத்தின் மேல்தோல் கெட்டியாகி, உள்ளே சிறு சிறு நீர்ப்பைகள் தங்கிவிடுமாம். அதனால் முட்டை வெளிவராது, விலக்கும் ஒழுங்காக வராது. ஆண் சுரப்பு (மீசை தாடி முளைப்பதற்குக் காரணமாக உடம்பில் ஊறும் ஒரு பொருள்) கொஞ்சம் கூடிவிடுமாம்.

"எனக்கு எப்படிங்க ஆம்பளைங்களோடது?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு நான் கேட்ட ஒரே கேள்வி அது.

"எல்லாப் பொம்பிளையளுக்கும் கொஞ்சம் இருக்கும். எனக்கும் இருக்கு. உங்களுக்கு எவ்வளவு எண்டுதான் பார்க்கவேணும்."

அதை இரத்தத்தில் அளக்க இங்கே வழி இல்லை. உடம்பில் அது உடைந்து, அதன் எச்சம் சிறுநீரில் வெளிவரும். அந்த எச்சத்துக்குக் கீட்டோஸ்டீராய்டு என்று பெயர். ஒரு முழு நாளின் சிறுநீரையும் சேர்த்துக் கோலாலம்பூரில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மருந்து கலந்து, எழும்பும் நிறத்தை வைத்து அளவு சொல்வார்கள்.

பெரிய பழுப்புக் கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கொடுத்தார்கள். கெடாமல் இருக்க அடியில் ஏதோ திராவகம். காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு போவது முழுவதையும், மறுநாள் காலை எழுந்ததும் போவது உட்பட, ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். குளியலறைத் தொட்டி நிழலில் அந்தப் போத்தலை வைத்துச் சாக்கைப் போட்டு மூடினேன்.

சேர்த்து முடித்தேன். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த நாள் என் வீட்டுக்காரரே எடுத்துப் போனார். அவருக்கு ஒரு ராவுத்தர் மளிகைக் கடையில் எண்ணெய்ப் பக்கம் வேலை. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் போத்தலில் ஊற்றிக் கொடுப்பது அவர் பொறுப்பு. தமாஷாகப் பேசுவார், ஆனால் கடை விஷயத்தில் கண்டிப்பு. கித்தான் பையில் போத்தலை வைத்து, மேலே கீரைக்கட்டைப் பரப்பி, சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முடிவு வர நாளாயிற்று. கூப்பிட்டு அனுப்பியபோது டாக்டர் அறையில் அறுவை மருத்துவர் ஒருவரும் இருந்தார், வெள்ளைக்காரர். அவர் ஒரு தாளில் சிறுநீரகத்தை வரைந்தார். அதன் தலையில் தொப்பி மாதிரி ஒன்றை வரைந்தார். டாக்டரம்மா தமிழில் சொன்னார். என் அளவு பெண்களுக்கு உரியதாக இல்லை. ஒரு நல்ல ஆரோக்கியமான ஆணுக்கு இருக்கும் அளவையும் தாண்டியிருக்கிறது. சூலகக் கோளாறில் இவ்வளவு ஏறாது. சிறுநீரகத்தின் மேலே இருக்கும் சுரப்பியில் கட்டி இருக்கலாம். விலாப்பக்கம் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். கோலாலம்பூரில் செய்வார்கள்.

"தொறந்து பார்த்து இல்லைன்னா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லையெண்டால் மூடிவிடுவினம்."

"மூடினா சரியாப் போயிடுமா?"

வெள்ளைக்காரர் வரைந்த தாளை டாக்டரம்மா மடித்து வைத்தார். அது பெரிய அறுவை, எல்லாரும் தாங்குவதில்லை என்று பிறகு சொன்னார். வெள்ளைக்காரர் போனதும், "ஒருதரம் அளந்தது அளவில்லை. இன்னொருதரம் அனுப்புவம். அவர் தேவையில்லை எண்டுறார். எனக்குத் தேவை," என்று இன்னொரு போத்தலைத் தந்தார். கோலாலம்பூர் போகும் நாள் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது.

அதற்கு இடைப்பட்ட நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முகத்தைக் கழுவும்போது கை முகவாயில் படும். இது என் முகம்தானா என்று நினைப்பேன். ஆணை விடவும் அதிகம் என்றார்களே, அப்படியென்றால் நான் யார்? என் வீட்டுக்காரர் பக்கத்தில் படுக்கவே கூசியது. அவர் கடையில் லீவு சொன்னார். ஒருநாள் சாயங்காலம் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, ரசம் வைப்பது எப்படி என்று கேட்டார்.

"எதுக்கு இப்ப?"

"சும்மா கத்துக்கறேன். புளி எவ்வளவு?"

"ஒரு கைப்பிடி."

"யாரு கை? ஒன் கையா, என் கையா?"

"என் கைதான். இத்தனை நாளா என் கையாலதானே தின்னீங்க."

"அப்ப அதை எடைபோட்டு எழுதிக் குடு பாக்கியம். நீ ஊருல இல்லாதப்ப நான் யாரு கையைத் தேடுவேன்?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் போய்த் திரும்பி வராமல் போகலாம் என்று அவரும் நினைக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் போத்தலைச் சேர்த்து முடித்த காலை. நான் குளித்துவிட்டு வந்தேன். அவர் தொட்டி ஓரம் குந்தி உட்கார்ந்து போத்தலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் எண்ணெய்ப் போத்தலைப் பார்ப்பது போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"இதுவும் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கு பாக்கியம்."

"இருந்தா என்ன? அவ்வளவுதான் வந்துச்சு."

"பரவால்ல. போன தடவ மாதிரி ராத்திரிக்குள்ள நானே நெரப்பிடறேன். நீ அந்தப் பக்கம் போ."

எனக்கு முதலில் புரியவில்லை. "போன தடவ மாதிரின்னா?"

"கழுத்து வரைக்கும் இல்லாம ஒரு போத்தலை எப்படி ஆபீஸ் மேசையில வெக்கிறது? கடைப்பேரு கெட்டுடாதா? கேட்டா என்ன சொல்லுவாங்க, அளவு கொறைச்சுட்டான்னு சொல்ல மாட்டாங்களா? தண்ணி கலக்கறது ஏமாத்து வேலை. அதான் நானே..."

என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். நான் அப்படியே குளியலறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. புருஷன் பெண்சாதிதானே, ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தண்ணீர், இதில் என்ன வித்தியாசம் என்றார். டாக்டரம்மா ஆண் அளவு என்று சொன்னதை நான் திரும்பச் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தார். பிறகு, "ஒன்ன வெட்ட நாள் குறிச்சது என்னோடத வெச்சா?" என்று கேட்டார்.

வைத்தியம் பார்க்கப் போகிற இடத்தில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பது அடுத்த பிரச்சினை. "டாக்டரம்மா என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க? நீ சொல்லாத. இந்தப் போத்தலை அப்படியே குடுத்திடுவோம். இதுல சரியா வந்திடும்," என்று கெஞ்சினார்.

நானும் முதலில் சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் யோசித்தேன். இந்தப் போத்தல் குறைவாகச் சொல்லும். முந்தையது அதிகமாகச் சொல்லியிருக்கிறது. இரண்டில் எது நிஜம் என்று டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்? வெள்ளைக்காரர் முதல் அளவைத்தான் நம்பி நாள் குறித்திருக்கிறார். நான் வாயைத் திறக்காவிட்டால் திறக்கப்போவது என் விலாவை.

அன்று போத்தலை நானே எடுத்துப்போனேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். என்ன என்று யாரும் கேட்கவில்லை. இவர் பின்னால் சைக்கிளில் வந்து, மருத்துவமனை வாசலோடு நின்றுகொண்டார்.

டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் முழுவதும் சொன்னேன். சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"உங்கட அவருக்கு ஒரு குறையும் இல்லை எண்டு கோலாலம்பூரே சொல்லிப்போட்டுது," என்றார். பிறகு சட்டென்று கண்டிப்பாகிவிட்டார். "நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களைக் கிழிச்சிருப்பினம். விளங்குதோ?"

விளங்குகிறது என்றேன்.

அதன்பின் அவர் ஒழுங்குகள் வைத்தார். எப்போது அளந்தாலும் ஒரே மாதிரி அளக்க வேண்டும். ஒரே ஆய்வுக்கூடம். விலக்கு எப்போது வந்தது, சேர்த்தது எந்த நாள் என்று சொல்ல வேண்டும். வேறு மருந்து எதுவும் உள்ளே போகக் கூடாது. கக்காக் கொடுத்த ஜாமுவை (மலாய்க்காரர்களின் வேர்மருந்து) அப்போது குடித்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தி, கொண்டுபோன போத்தலைக் கொட்டிவிட்டு, சில வாரம் விட்டுப் புதிதாக ஒரு போத்தல் சேர்க்கச் சொன்னார். கோலாலம்பூர் நாளை வெள்ளைக்காரரிடம் பேசித் தள்ளிவைத்தார். அதற்கு மேல் தள்ள அவர் சம்மதிக்கவில்லையாம்.

இன்னொன்றும் சொன்னார். "புத்தகத்தில இருக்கிற கணக்கு வெள்ளைக்காரப் பொம்பிளையளைப் பார்த்து எழுதினது. எங்கட ஆக்களுக்கு எவ்வளவு இருக்கவேணும் எண்டு ஒருத்தரும் பார்க்கேல்லை. உங்கட வயசில, பிள்ளை குட்டியோட, நோய் நொடி இல்லாத ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரெண்டு போத்தலையும் ஒண்டாய் அனுப்புவம்."

நான் போய் யாரிடம் கேட்பது? இரண்டு நாள் வேலி ஓரம் போய்ப்போய்த் திரும்பினேன். கடைசியில் கக்காக்கே, என்ன வேண்டும் சொல் என்றார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

"என்னோடதும் டாக்டருக்கு வேணுமா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். "ஐந்து பிள்ளை பெற்றேன், இதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. தாக் அப்பா (பரவாயில்லை), கொண்டுவா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் வீட்டு ஆளிடம் சொல்லாதே. அவரும் நிரப்பித் தந்துவிடுவார்," என்றார். எங்கள் கதை வேலியைத் தாண்டி முன்பே போய்விட்டிருந்தது.

இரண்டு போத்தல்களும் ஒரே நாளில் போயின. பாதிக்குக் கொஞ்சம் மேலே ஒன்று, பாதிக்குக் கீழே ஒன்று. என் வீட்டுக்காரர் அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தொடவில்லை.

முடிவு வந்தபோது கோலாலம்பூர் நாள் நெருங்கிவிட்டது. துணிமணி எல்லாம் கட்டி வைத்திருந்தேன். டாக்டரம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தாமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் அளவு கக்காக்கினுடையதை விட அதிகம். ஆனால் கட்டி என்று சொல்லும் அளவுக்கு அருகில் கூட இல்லை. தாம் முதலில் சந்தேகப்பட்டபடி சூலகக் கோளாறுதான். விலாவைத் திறக்க வேண்டியதில்லை.

அடுத்த வருடம் சூலகத்தில் ஒரு சிறிய அறுவை (தடித்த பகுதியில் ஒரு துண்டை வெட்டி எடுப்பது) இங்கேயே செய்தார்கள். கொஞ்ச காலம் விலக்கு ஒழுங்காக வந்தது. பிள்ளை உண்டாகவில்லை. முகவாய் முடி இன்னும் இருக்கிறது. இரத்தத்திலேயே ஆண் சுரப்பை அளக்கும் முறை வெளிநாடுகளில் வந்துகொண்டிருப்பதாக டாக்டரம்மா சொல்கிறார். வரட்டும். அதிலும் யார், எங்கே, எப்போது, எப்படி அளந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு இடத்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழாதீர்கள். டாக்டரிடம் சொல்லக் கூசும் விஷயம் ஏதாவது இருந்தால், அதைத்தான் முதலில் சொல்லுங்கள்.

முன்பு என் நாட்கள் காத்திருப்பாகவே கழிந்தன. விலக்கு வருமா, வராதா, வந்தால் நிற்குமா. இப்போது வருடத்துக்கு ஒருமுறை ஒரு முழு நாளைச் சேர்த்துக் கொடுக்கிறேன். அந்த ஒரு நாளில் என் உடம்பு எனக்குத் தெரியாமல் செய்கிற வேலையெல்லாம் ஒரு போத்தலுக்குள் வந்துவிடுகிறது. அது கொஞ்சமாக இருக்கிறது. ஆனால் முழுவதும் என்னுடையது. தீபாராதனைத் தட்டு வரும்போது இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை என்று சொன்னால் அது பொய். சில வெள்ளிக்கிழமைகளில் திருப்பிக்கொள்கிறேன். சில வெள்ளிக்கிழமைகளில் மறந்துவிடுகிறேன்.

கட்டி இல்லை என்று சொன்ன அன்று, மருத்துவமனை வாசலில் என் வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்கவும் அவருக்குப் பயம். "நான் பொம்பளதானாம்," என்றேன். "அத நான் சொன்னா நம்ப மாட்டியே," என்றார். பஸ்ஸுக்குக் காத்திராமல் இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் காலையில் மருத்துவமனை வண்டி கோலாலம்பூருக்குப் புறப்பட்டது. எனக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் உஜோங் பாசிரிலிருந்து வந்த வேறொரு நோயாளி போனாராம்.